காட்டு நடைக்கு வரும் இளைஞர்களிடம் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: மலைநடை

வணக்கம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, 19 முதல் 25 வயது வரையிலான இளைஞர்களைச் சிறு குழுவாகக் காட்டுப் பாதைகளில் அழைத்துச் செல்கிறேன். பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பாக, எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் அனுப்புவது வழக்கம். அண்மைக் காலமாக அதில் திரும்பத் திரும்ப வரும் பதில் ஒன்று உண்டு: கைப்பேசியை விட்டுச் சில நாட்கள் விலகி இருக்க வேண்டும் என்பது. நான் கேட்காமலே அவர்களாக எழுதுவது இது.

ஆனால் சென்ற பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து மணி நேரம் ஏறி, பொழுது சாயும் வேளையில் ஒரு முகட்டை அடைந்தோம். கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நின்றவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, சிக்னல் எங்கே கிடைக்கும் என்று பாறைக்குப் பாறை மாறி நின்றார்கள். விலகி இருக்க வேண்டும் என்று படிவத்தில் எழுதியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். முந்தைய நாள் சிக்னல் தேடியவர்களில் ஒருவரான ஒரு பெண், ஈரத் தரையில் மண்டியிட்டு, ஒரு பெரணி இலையைத் திருப்பிப் பிடித்து, அதன் அடிப்பக்கத்தில் நரம்புக்கு இருபுறமும் வரிசை பிசகாமல் இருந்த பழுப்புப் புள்ளிகளைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை வித்துப் பைகள் என்று சொன்னதும், அருகில் இருந்த நான்கு பேரும் தங்கள் பக்கத்துப் பெரணிகளைத் திருப்பத் தொடங்கிவிட்டார்கள். பாதி மணி நேரம் நாங்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கருவி அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாதி மணி நேரமும் இருந்திருக்காது.

அடுத்த பயணத்தில் தொடக்கத்திலேயே எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரே பையில் வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அது சரியா? இந்த வயதினர் உண்மையில் விரும்புவது என்ன? வரவிருக்கும் குழுவில் ஒருவர் ட்ரோன் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக இளைஞர்கள், மனம்விட்டு எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: இருபத்திரண்டு

எனக்கு வயது 22. இப்படிப்பட்ட பயணங்களுக்குப் போய்வருகிறவள் என்பதால் எழுதுகிறேன்.

முகட்டில் சிக்னல் தேடியவர்களை நீங்கள் பார்த்த விதத்தில் ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன், ஐயா. அப்படி நின்றவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். அந்த நேரத்தில் நான் தேடியது பொழுதுபோக்கை அல்ல. மாலை ஆறு மணிக்குச் செய்தி அனுப்புவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆறரை ஆகிவிட்டால் அவர் சாப்பிட மாட்டார், ஏழு ஆனால் என் தோழிகளை எல்லாம் அழைக்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பதற்றத்தோடு மூடுபனியை எப்படிப் பார்ப்பது? கைப்பேசியிடமிருந்து விலக வேண்டும் என்று நாங்கள் எழுதும்போது, அந்தக் கருவியை வெறுத்து எழுதுவதில்லை. எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்டே ஆக வேண்டும் என்ற கடமையிலிருந்து ஓய்வு கேட்கிறோம். கருவியை வாங்கி வைத்துக்கொண்டாலும் அந்தக் கடமை எங்கள் மனத்துக்குள் அப்படியே இருக்கும்; அதை நிறைவேற்ற வழிதான் இல்லாமல் போகும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். படத்தைப் பிறர் பார்க்கப் போடுவது என்ற எண்ணம் வந்துவிட்டால், எடுக்கும்போதே அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. அருவிக்கு முன்னால் நின்றுகொண்டே அருவியைப் பற்றிய வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்காக மட்டும் எடுத்த படங்களில் அப்படி நேர்ந்ததில்லை.

பின்லாந்து வளைகுடாவின் கிழக்குப் பகுதியில் உல்கோ-டாமியோ என்றொரு சிறு தீவு இருக்கிறது. 2023 கோடையில் அதைக் கைப்பேசி இல்லாத தீவாக அறிவித்தார்கள். அங்கே சிக்னல் கிடைக்கும்; தடையும் கிடையாது. வருகிறவர்கள் தாங்களாகவே கருவியை எடுக்காமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுகோள் மட்டும்தான். எனக்குப் பிடித்தது அந்த முறை. பறித்துக்கொண்டால் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆகிவிடுவோம், கேட்டுக்கொண்டால் பெரியவர்களாக நடந்துகொள்வோம். அதையும் பாதையின் வாசலில் நிற்கும்போது கேட்காமல், பெயர் பதியும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் முன்கூட்டியே பேசிவைக்க எங்களுக்கு நேரம் வேண்டும்.

பதில் 2: கவனப்பாடம்

உளவியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இயற்கைக்குள் போனால் மனம் ஏன் தெளிகிறது என்ற கேள்விக்கு ரேச்சல் கப்லான், ஸ்டீவன் கப்லான் என்ற உளவியலாளர்கள் இருவரும் முன்வைத்த விளக்கம் இன்றும் பேசப்படுகிறது. படிப்பிலும் வேலையிலும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகிறது. மேகம் நகர்வது, நீர் ஓடுவது, இலை அசைவது போன்றவை நம்மை வற்புறுத்தாமல் மெல்ல ஈர்க்கின்றன. அப்போது களைத்த கவனம் ஓய்வெடுத்து மீள்கிறது என்பது அவர்கள் கருத்து. இதை ஏற்றுக்கொண்டால், பையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஒலிக்கக்கூடிய கருவி ஏன் இடைஞ்சல் என்பது விளங்கும். ஒலிக்காவிட்டாலும், ஒலிக்குமோ என்று காத்திருப்பதே வலிந்த கவனம்தான்.

2012இல் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. மின்னணுக் கருவிகள் இல்லாமல் 4 முதல் 6 நாட்கள் காட்டில் நடந்த 56 பேரிடம் செய்யப்பட்டது. நான்காம் நாள் காலையில் சோதிக்கப்பட்டவர்கள், புறப்படுவதற்கு முன் சோதிக்கப்பட்டவர்களைவிடப் சொற்களைக் கொண்டு படைப்பாற்றலை அளக்கும் ஒரு தேர்வில் 50 விழுக்காடு மிகுதியாக மதிப்பெண் பெற்றார்கள். நான் அதை மாணவர்களுக்குச் சொல்லும்போது இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்வேன். முன்னும் பின்னும் தேர்வு எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள். மேலும், பலன் காட்டால் வந்ததா, கருவி இல்லாததால் வந்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைச் செய்தவர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கைப்பேசியைப் பறிப்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது.

நீங்கள் விவரித்த பெரணிக் காட்சிக்கு மிக நெருக்கமான சான்று ஒன்று உண்டு. லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகம் ஒன்றில் செய்த சோதனை 2014இல் வெளிவந்தது. பொருள்களை வெறுமனே பார்த்தவர்களைவிட, முழுப் பொருளையும் படம் எடுத்தவர்கள் பின்னர் அவற்றைக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. எதைப் பெரிதாக்குவது என்று தேடும் கண் பொருளோடு உறவாடிவிடுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். அந்தப் பெண் இலையைத் திருப்பிப் பார்த்தது அந்த வகை.

முந்தைய பதிலில் அந்த இளம்பெண் சொன்ன அனுபவமும் தனிப்பட்டதல்ல. படம் எடுப்பது பல சூழல்களில் ஈடுபாட்டையும் மகிழ்ச்சியையும் கூட்டுகிறது என்று 2016இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அதே குழுவினரின் மற்றோர் ஆய்வு, சமூக ஊடகத்தில் பகிரும் நோக்கத்தோடு எடுக்கும்போது அந்த மகிழ்ச்சி குறைகிறது என்று காட்டியது. மூன்றாவது ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: விரும்பிப் படம் எடுத்தவர்களுக்குக் கண்டது நன்றாக நினைவில் நின்றது, கேட்டது நழுவியது. காடு என்பது பாதிக்கு மேல் கேட்கப்படுவது. ஓடை, தூறல், சில்வண்டு எல்லாவற்றையும் படச்சட்டம் வெளியே தள்ளிவிடுகிறது.

பதில் 3: பறவைநோக்கி

கேட்பது பற்றிய பேச்சு வந்ததால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில், குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் வசதி 2021இல் வந்தது. முன்கூட்டியே தரவிறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அதற்கு முன்பு என்னோடு வந்த இளைஞர்களுக்குக் காட்டில் கேட்டதெல்லாம் வெறும் பறவைச் சத்தம்தான். இன்று முதல் நாளிலேயே ஐந்தாறு குரல்களைப் பிரித்தறிகிறார்கள். இந்த நன்மையை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் விரைவிலேயே ஒரு குறை கண்ணில் பட்டது. குரல் கேட்டதும் தலை மரத்தை நோக்கி நிமிராமல் திரையை நோக்கிக் குனிந்தது. பெயர் வந்ததும் அடுத்த பெயருக்குக் காத்திருந்தார்கள், பறவையை யாரும் பார்க்கவில்லை. அதன் பிறகு ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, எத்தனை வெவ்வேறு குரல்கள், எந்தத் திசையில் என்று விரல்விட்டு எண்ண வேண்டும். அதற்குப் பிறகே செயலியைத் திறக்கலாம். செயலி சொல்லும் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யும்வரை குறிப்பேட்டில் எழுதக் கூடாது. ஒருவர் எண்ணியது நான்கு, செயலி காட்டியது மூன்று. நான்காவது ஒரு தவளை. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

பதிவு செய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு அது அங்குமிங்கும் பறக்கும். நமக்குக் கிடைப்பது ஒரு படம். அதற்குப் போவது அன்றைய காலைப் பொழுது.

இடக்குறியீடு பற்றியும் உங்கள் குழுவிடம் பேசுங்கள். கைப்பேசியில் எடுக்கும் படக் கோப்புக்குள்ளேயே, நாம் தடுக்காவிட்டால், எடுத்த இடம் பதிந்துவிடுகிறது. கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதிந்து பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தைத் தானாகவே மறைத்து, 0.2 பாகை அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டுகிறது. நிலநடுக்கோட்டருகே அந்தக் கட்டத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். சமூக ஊடகங்களில் போடும் பதிவுக்கு இப்படி ஒரு திரை கிடையாது. ஐஸ்லாந்தின் தென்பகுதியில் உள்ள ஃபியாத்ரார்கிளியூஃபர் பள்ளத்தாக்கு, 2015இல் ஒரு புகழ்பெற்ற பாடகரின் காணொளியில் இடம்பெற்ற பின்பு, அங்கே கூட்டம் அலைமோதியது. பாதையை விட்டு விலகிய காலடிகளில் செடிகொடிகள் மிதிபட்டு அழிந்தன. 2019இல் அதை மூடி வைக்க நேர்ந்தது. அங்கே போனவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு போயிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன், அதனால்தான் இதை இளைஞர்களிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் செய்தியாகச் சொல்கிறேன்.

ட்ரோனுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 2014 ஜூனில் ட்ரோன்களுக்குத் தடை விதித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே யெல்லோஸ்டோன் பூங்காவின் புகழ்பெற்ற வண்ண வெந்நீர் ஊற்றுக்குள் ஒரு பயணியின் ட்ரோன் விழுந்து மூழ்கியது. அதைவிட என்னை உலுக்கியது அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்து 2015இல் வெளியான ஒரு கரடி ஆய்வு. கரடிகளின் உடலில் இதயத் துடிப்பு பதியும் கருவியைப் பொருத்தி, மேலே ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். பெரும்பாலும் அவை ஓடவில்லை, பார்ப்பதற்கு அமைதியாகவே இருந்தன. ஆனால் குட்டிகளோடு இருந்த ஒரு தாய்க் கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 41இலிருந்து 162ஆக உயர்ந்தது. விலங்கு அசையாமல் இருக்கிறது, ஆகவே தொந்தரவு இல்லை என்று நாம் சொல்லிக்கொள்வது எவ்வளவு தவறு என்று அந்த எண்கள் காட்டுகின்றன.

பதில் 4: மீட்புக்குழு

மலை மீட்புப் பணியில் தன்னார்வலராக இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: எல்லாக் கைப்பேசியையும் ஒரே பையில் போட்டு ஒருவர் தோளில் மாட்டுவது ஆபத்து. குழு இரண்டாகப் பிரிந்துவிட்டாலோ, பையைச் சுமந்தவரே சறுக்கி விழுந்துவிட்டாலோ, மற்றவர்கள் கையில் ஒன்றும் இருக்காது.

அதே வேளையில், கைப்பேசி இருக்கிறது என்ற துணிச்சலில் வழி தவறியவர்களையும் நிறையவே தேடிப் போயிருக்கிறோம். பலருக்குத் தெரியாத ஒன்று, ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை; செயற்கைக்கோளிலிருந்து வருவதைக் கருவி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். தேவைப்படுவது வரைபடம். அதை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளாதவர்கள், வெறும் வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்தபடி நிற்பார்கள். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் அந்தப் புள்ளியும் பிசகும். சிக்னல் கிடைக்காத இடத்தில் கருவி ஓயாமல் அதைத் தேடுவதால் சார்ஜ் விரைவாகத் தீரும், குளிரில் இன்னும் விரைவாகத் தீரும். ஏரோப்ளேன் மோடில் போட்டு வைத்தால் நாள் கணக்கில் தாங்கும். பெரும்பாலான கருவிகளில் ஜிபிஎஸ் அப்போதும் இயங்கும்.

2022 முதல் சில கைப்பேசிகளில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி வந்திருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் வானம் மறைவின்றித் தெரிய வேண்டும். காகித வரைபடமும் திசைகாட்டியும் ஒரு விசிலும் இல்லாமல் குழுவைக் கூட்டிச் செல்லாதீர்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் முறை. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள். இதை உங்கள் இளைஞர்களுக்குப் புறப்படும் முன் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

மீண்டும்: மலைநடை

அனைவருக்கும் நன்றி. கைப்பேசிகளை வாங்கி வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். முகட்டில் நின்றவர்களை நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் ஏற்கிறேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த படிவத்திலேயே இதை எழுதப்போகிறேன். நடக்கும் நேரத்தில் கைப்பேசிகள் ஏரோப்ளேன் மோடில், அவரவர் பையிலேயே இருக்கட்டும். வரைபடம் எல்லாரும் தரவிறக்கி வர வேண்டும், நடையின்போது அதைப் பார்ப்பது இருவர் மட்டும். வீட்டாருக்குச் செய்தி போகும் நேரத்தையும், ஒரு நாள் செய்தி வராவிட்டால் பதறாமல் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் நானே பெற்றோருக்கு முன்கூட்டி எழுதிவிடுகிறேன். உற்றுப் பார்ப்பதற்காகக் கருவியை எடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பதில் 5: இருபத்திரண்டு

இதைத்தான் எதிர்பார்த்தேன், ஐயா. ஒரே ஒரு வேண்டுகோள். ஓர் இரவாவது எந்தத் திரையும் எரியாமல் எங்களை இருட்டில் உட்கார வையுங்கள். கண் முழுமையாக இருளுக்குப் பழக அரை மணி நேரம் வரை ஆகும் என்பதை ஒரு பயணத்தில்தான் தெரிந்துகொண்டேன். இருபது நிமிடம் கழித்து, வெறும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் எல்லாம் நட்சத்திரம் முளைத்துக்கொண்டே வந்தது. அப்போது ஒருவர் மணி பார்ப்பதற்காகத் திரையைத் தொட்டார். அந்த வெளிச்சத்தில் எல்லாம் மங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. யாரும் அவரைத் திட்டவில்லை, ஆனால் அதன் பிறகு யாருமே பைக்குள் கையை விடவில்லை.

மீண்டும்: மலைநடை

புறப்படும் தேதியை அமாவாசைக்கு முந்தைய நாளாக மாற்றிவிட்டேன். கைவிளக்குகளுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறேன். சிவப்பு வெளிச்சம் இருளுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ட்ரோன் கேட்ட தம்பிக்கு வேண்டாம் என்று மட்டும் எழுதினால் மனம் வருந்துவார் என்பதால், அந்தத் தாய்க் கரடியின் கதையையும் 41, 162 என்ற இரண்டு எண்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.